அமெரிக்கக் காங்கிரசின் பணத்தடத்தைத் தேட: ஓப்பன்சீக்ரெட்ஸ், எஃப்.இ.சி., எல்.டி.ஏ. தளங்கள் எப்படி?

அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரின் தேர்தல் செலவுக்கு யார் கொடுத்தார்கள், ஒரு மசோதா வரும்போது எந்த நிறுவனம் எந்த லாபியிஸ்டை (பிறர் சார்பாகச் சட்டமியற்றுபவர்களிடம் பேசுவதைத் தொழிலாகக் கொண்டவர்) வைத்துப் பேசியது என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் காசு செலவில்லாமல் பார்க்கலாம். அதற்கு மூன்று தளங்கள் இருக்கின்றன. ஓப்பன்சீக்ரெட்ஸ், லாப நோக்கற்ற அமைப்பு ஒன்று நடத்துவது. மற்ற இரண்டும் அரசுடையவை: தேர்தல் நிதியைக் கண்காணிக்கும் எஃப்.இ.சி. ஆணையத்தின் தளம், லாபி அறிக்கைகளுக்கான செனட்டின் எல்.டி.ஏ. தேடுதளம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தொடங்க ஓப்பன்சீக்ரெட்ஸ் நல்லது. கண்டதை எழுதவோ பகிரவோ போகிறீர்கள் என்றால், எஃப்.இ.சி.யில் மூல அறிக்கையைத் திறந்து பார்க்காமல் எழுதாதீர்கள். லாபி விஷயத்துக்குச் செனட் தளத்துக்கே நேராகப் போய்விடலாம். மூன்றில் கிடைப்பதையும் கோர்த்துப் பார்க்கும் வேலையை எந்தத் தளமும் செய்து தராது. தப்புக் கணக்குகள் பெரும்பாலும் அந்தக் கோர்வையில்தான் பிறக்கின்றன.

ஓப்பன்சீக்ரெட்ஸ்

1983-இல் ஃபிராங்க் சர்ச், ஹியூ ஸ்காட் என்ற இரு முன்னாள் செனட்டர்கள், ஆளுக்கொரு கட்சியைச் சேர்ந்தவர்கள், தொடங்கிய அமைப்பு இது. 2021-இல் மாநிலத் தேர்தல் நிதியைத் தொகுத்துவந்த இன்னொரு அமைப்போடு இணைந்தது. உறுப்பினரின் பெயரைத் தட்டினால் மொத்த வரவு, செலவு, கையிருப்பு, அதிகம் கொடுத்த தொழில்துறைகள், அதிகம் கொடுத்த நிறுவனங்கள் என்று ஒரே பக்கத்தில் விரியும். அவருடைய 'லீடர்ஷிப் பேக்' கணக்கையும் (பேக் என்பது நன்கொடை திரட்டி வேட்பாளர்களுக்குக் கொடுக்கும் அரசியல் குழு; இது உறுப்பினரே வைத்திருப்பது) சேர்த்துக் காட்டுவதுதான் இந்தத் தளத்தின் பெரிய பலம். எஃப்.இ.சி.யில் அது தனிக் குழுவாகத்தான் நிற்கும். வேட்பாளரின் மொத்தத்தில் சேராது. தேடத் தெரியாதவர் அந்தப் பணத்தைப் பார்க்காமலே போய்விடுவார்.

தொழில்துறைப் பிரிப்புதான் இந்தத் தளத்தை நாடுவதற்கு முக்கியக் காரணம்; இதன் பலவீனமும் அதிலேயே இருக்கிறது. நன்கொடையாளர் படிவத்தில் எழுதும் வேலையிடம், தொழில் ஆகிய இரண்டை வைத்துத்தான் இந்தப் பிரிப்பு நடக்கிறது. 'ஓய்வு பெற்றவர்' என்று எழுதினால் அவர் எண்ணெய் நிறுவனத்தில் 30 ஆண்டு இருந்தவரா, பள்ளி ஆசிரியரா என்பது தெரியாது. பலருடைய பட்டியலில் 'ஓய்வு பெற்றோர்' முதலிடத்தில் நிற்பது இதனால்தான். சட்ட நிறுவனத்தில் இருக்கும் லாபி வழக்கறிஞர் கொடுத்தால் அது 'வழக்கறிஞர்கள்' கணக்கில் போகக்கூடும். அவர் மருந்து நிறுவனத்துக்காக வேலை செய்கிறவர் என்பது அந்த வரிசையில் தெரியாது.

'அதிகம் கொடுத்த நிறுவனங்கள்' பட்டியலை நேரடி அர்த்தத்தில் படிப்பது இந்தத் தளத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. 1907-இன் டில்மன் சட்டம் முதலே கூட்டாட்சி வேட்பாளருக்கு நிறுவனங்கள் தங்கள் கஜானாவிலிருந்து ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. பட்டியலில் இருப்பது அந்த நிறுவனத்தின் பேக் கொடுத்ததும், ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தாரும் தனித்தனியாகக் கொடுத்ததும் சேர்ந்த தொகை. 2008-இல் ஒபாமாவுக்கு அதிகம் கொடுத்தவர்கள் வரிசையில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் முதலில் வந்தது. அது ஓர் அரசுப் பல்கலைக்கழகம். கொடுத்தவர்கள் அங்கே வேலை செய்தவர்கள். "இந்த நிறுவனம் இவருக்கு இத்தனை லட்சம் கொடுத்தது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களில் பெரும்பாலானவை இந்தப் பட்டியலைத் தவறாகப் படித்ததன் விளைவு. பக்கத்தின் கீழே சிறிய எழுத்தில் விளக்கம் இருக்கத்தான் செய்கிறது. அதைப் பட்டியலுக்கு மேலே வைத்திருந்தால் பாதிக் குழப்பம் குறைந்திருக்கும்.

செய்ய வேண்டியது சுலபம்: அந்தப் பட்டியலில் 'பேக்', 'தனிநபர்' என்ற இரண்டு பத்திகளையும் பிரித்துப் பாருங்கள். பேக் பணம் நிறுவனத்தின் அரசியல் பிரிவு எடுத்த முடிவு. பல வேட்பாளர்களுக்குக் கொடுக்கும் பேக் ஒரு தேர்தலுக்கு 5,000 டாலர் வரை தரலாம். பிரைமரி (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்சுற்று), பொதுத்தேர்தல் இரண்டுக்கும் சேர்த்து 10,000. தனிநபருக்கான உச்சவரம்பு 2025-26 சுழற்சியில் ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர். ஒரே நிறுவனத்தின் மேலதிகாரிகள் பலர் ஒரே வாரத்தில் உச்சவரம்புத் தொகையைக் கொடுத்திருந்தால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. ஊழியர்கள் நூறு பேர் ஆளுக்கு 25 டாலர் கொடுத்திருந்தால் அதன் அர்த்தமே வேறு. இரண்டும் மொத்தத்தில் ஒரே எண்ணாகத் தெரியலாம்.

இன்னொரு குறை, சேவை சுருங்கிக்கொண்டே வருவது. 2024 நவம்பரில் ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்கினரைக் குறைத்தார்கள். 2025 ஏப்ரல் 15-ஆம் தேதி ஏ.பி.ஐ.யை, அதாவது நிரல்கள் தரவை நேராக எடுக்கும் வழியை, நிறுத்திவிட்டார்கள். அதை நம்பி எழுதிய நிரல்கள் எல்லாம் அன்றோடு செத்தன. பொதுமக்களுக்கு இவ்வளவு பயன்படும் ஒரு வேலை இப்படிப் பணத்துக்குத் தவிப்பது உண்மையில் வருத்தமான விஷயம். எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும், தரவு எந்தத் தேதி வரைக்கும் உள்ளது என்ற குறிப்பைப் பார்த்துவிட்டு எண்ணை எடுங்கள்.

எஃப்.இ.சி.

பார்க்க அழகாக இருக்காது. ஆனால் மூலம் இங்கேதான். வேட்பாளர் தாக்கல் செய்வது படிவம் 3. பேக்குகளும் கட்சிகளும் தாக்கல் செய்வது படிவம் 3எக்ஸ். அதில் ஷெட்யூல் ஏ வரவு, ஷெட்யூல் பி செலவு, ஷெட்யூல் இ சுயேச்சைச் செலவு (வேட்பாளரோடு கலந்து பேசாமல் அவருக்கு ஆதரவாகவோ எதிராகவோ பிறர் செய்யும் செலவு). இந்த மூன்றும் தெரிந்தால் வேலை ஓடிவிடும். எந்தத் தேடலும் இரண்டாண்டுச் சுழற்சி ஒன்றில்தான் தொடங்கும். முந்தைய ஆண்டுகள் வேண்டுமானால் அந்த வடிகட்டியை நாமே மாற்ற வேண்டும். "இவருக்கு அவர் ஒன்றுமே தரவில்லை" என்று அவசரப்பட்டு முடிவு கட்டுவது இதை மறப்பதால்தான்.

200 டாலரைத் தாண்டாத நன்கொடையாளரின் பெயரை வேட்பாளர் வெளியிட வேண்டியதில்லை. அது 'சில்லறை நன்கொடை' என்று மொத்தமாக வரும். ஆனால் ஆக்ட்புளூ, வின்ரெட் போன்ற, இணையத்தில் நன்கொடை வாங்கித் தரும் இடைத்தளங்கள் வழியாக வந்தால் 5 டாலர்கூடப் பெயரோடு அந்த இடைத்தளத்தின் அறிக்கையில் இருக்கும். அதே பணம் வேட்பாளர் அறிக்கையில் மறுபடி வரும்போது இருமுறை கணக்காகிவிடும் ஆபத்து உண்டு. சி.எஸ்.வி. என்ற அட்டவணைக் கோப்பாக இறக்கிக் கூட்டும்போது 'மெமோ' பத்தியில் எக்ஸ் குறி உள்ள வரிசைகளை முதலில் நீக்குங்கள். அவை விளக்கத்துக்காக மட்டும் காட்டப்படுபவை, மொத்தத்தில் சேராதவை. கூட்டு நிதிதிரட்டும் குழுக்களின் பணத்திலும் இதே சிக்கல்தான். ஒருவர் எழுதும் ஒரே காசோலை பல வேட்பாளர்களுக்கும் கட்சிக்குமாகப் பிரியும். பிரிந்த பங்கு வேட்பாளர் கணக்கில் 'மாற்றல்' என்று வந்து, கொடுத்தவரின் பெயர் மெமோவில் நிற்கும். கூட்டும்போது மெமோவை நீக்குங்கள், பெயரைத் தேடும்போது மெமோவையும் படியுங்கள்.

நிறுவனத்தின் பெயரை வைத்துத் தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலோடு நிறுத்தக் கூடாது. ஒருவர் 'கூகுள்' என்று எழுதுவார், இன்னொருவர் 'கூகுள் எல்.எல்.சி.', மற்றொருவர் 'ஆல்ஃபபெட்'. தளம் இவற்றை ஒன்றாக்காது.

சுயேச்சைச் செலவில் இன்னொரு பொறி இருக்கிறது. தேர்தலுக்கு முந்தைய 20 நாட்களில் 1,000 டாலரை எட்டும் செலவை 24 மணி நேரத்துக்குள்ளும், அதற்கு முன்பாக இருந்தால் 10,000 டாலரை எட்டும் செலவை 48 மணி நேரத்துக்குள்ளும் அறிவிக்க வேண்டும். அதே செலவு பிறகு வழக்கமான அறிக்கையின் ஷெட்யூல் இ-யிலும் வரும். இரண்டையும் கூட்டினால் தொகை இரட்டிப்பாகும். தேடல் பக்கத்தில் அறிக்கை வகைக்கு வடிகட்டி இருக்கிறது: முடிந்துபோன தேர்தலுக்கு வழக்கமான அறிக்கை, நடந்துகொண்டிருக்கும் தேர்தலுக்கு 24/48 மணி அறிவிப்பு என்று ஒன்றை மட்டும் எடுங்கள்.

கவனிக்க வேண்டிய உத்தி: சூப்பர் பேக்கின் (வரம்பில்லாமல் பணம் திரட்டி, வேட்பாளருக்குக் கொடுக்காமல் தானே சுயேச்சையாகச் செலவிடும் குழு) செலவு ஓரிரு நாளில் தெரிந்துவிடும், ஆனால் அதற்குப் பணம் கொடுத்தவர் அடுத்த அறிக்கையில்தான் தெரிவார். தேர்தலுக்கு முந்தைய அறிக்கை, தேர்தலுக்கு முன்னான 20-ஆம் நாள் வரைக்குமான வரவைத்தான் காட்டும். அந்த 20-ஆம் நாளுக்குப் பிறகு ஒரு சூப்பர் பேக்கைத் தொடங்கிப் பணத்தைக் கொட்டினால், வாக்காளர் வாக்களிக்கும் வரை கொடுத்தவர் யாரென்று தெரியாது. சட்டப்படி குற்றமில்லை. ஒரு குழு திடீரென்று விளம்பரம் செய்தால் அதன் பதிவு ஆவணமான படிவம் 1-ஐத் திறந்து, பதிவான தேதியைப் பாருங்கள்.

ஆணையத்தில் ஆறு இடங்கள். எந்த நடவடிக்கைக்கும் நான்கு வாக்குகள் வேண்டும். ஒரு கட்சியிலிருந்து மூவருக்கு மேல் இருக்கக் கூடாது. 2025 மே மாதத் தொடக்கத்தில் உறுப்பினர்கள் குறைந்து கோரம் (முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை) போய்விட்டது. கோரம் இல்லாவிட்டாலும் அறிக்கைகள் வந்து சேரும், தளமும் ஓடும். புகார் மீது முடிவு எடுக்க மட்டும் ஆள் இருக்காது. ஆகவே தளத்தில் ஒரு தவறான அறிக்கை திருத்தப்படாமல் கிடப்பதைக் கண்டால் அதை ஆணையம் சரிபார்த்து ஏற்றுக்கொண்டது என்று பொருளல்ல.

ஒரு தேடல், கடைசி வரை

2024 ஒஹாயோ செனட் தேர்தலை எடுத்துக்கொள்வோம். கிரிப்டோ தொழில்துறையின் சூப்பர் பேக் ஃபேர்ஷேக். காயின்பேஸ், ரிப்பிள், ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ் ஆகியவை முக்கியக் கொடையாளர்கள். துணைக் குழுக்களையும் சேர்த்து அந்தச் சுழற்சியில் 20 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. அங்கே மீண்டும் போட்டியிட்டவர், அப்போது செனட் வங்கிக் குழுவின் தலைவராக இருந்த ஷெராட் பிரவுன். கிரிப்டோவைக் கண்டித்து வந்தவர்.

எஃப்.இ.சி.யில் 'ஃபேர்ஷேக்' என்று மட்டும் தேடினால் கலிஃபோர்னியா பிரைமரியில் கேட்டி போர்ட்டரை எதிர்த்துச் செலவிட்ட சுமார் 1 கோடி டாலர் கிடைக்கும். ஒஹாயோவின் பெரிய தொகை கிடைக்காது. அது 'டிஃபெண்ட் அமெரிக்கன் ஜாப்ஸ்' என்ற துணைக் குழுவின் பெயரில் இருக்கிறது. அங்கே போய்ப் பிரவுனுக்கு எதிரான செலவைத் தேடினாலும் ஏமாற்றம்தான். ஏனென்றால் அந்தச் சுமார் 4 கோடி டாலர் எதிர்வேட்பாளர் பெர்னி மொரேனோவுக்கு 'ஆதரவு' என்று பதிவாகியிருக்கிறது. ஜனநாயகக் கட்சியினருக்கு ஆதரவான செலவு 'புரொடெக்ட் புரோக்ரஸ்' என்ற இன்னொரு குழுவில். குழுவின் பெயரிலோ விளம்பரத்திலோ கிரிப்டோ என்ற சொல்லே தலைகாட்டாது. இங்கிருந்து ஒரு வழிமுறையைக் கற்றுக்கொள்ளலாம்: குழுவை வைத்துத் தேடாமல் தொகுதியை வைத்துத் தேடுங்கள், ஆதரவு, எதிர்ப்பு இரண்டையும் எடுங்கள், பெரிய செலவாளிகள் ஒவ்வொருவருடைய ஷெட்யூல் ஏ-யையும் திறந்து, பணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு படி பின்னால் போங்கள். வந்த இடமும் இன்னொரு குழு என்றால் இன்னும் ஒரு படி.

பிரவுன் தோற்றார். 2025-இல் ஸ்டேபிள்காயின்களுக்கான (டாலர் போன்றவற்றின் மதிப்போடு கட்டப்பட்ட கிரிப்டோ நாணயங்கள்) ஜீனியஸ் சட்டம் செனட்டில் ஜூன் 17-ஆம் தேதி 68-30 என்று நிறைவேறி, ஜூலை 18-இல் சட்டமானது. இப்போது செனட்டின் லாபி தளத்துக்குப் போய் இந்த மசோதாவைத் தேடினால் அடுத்த சிக்கல். பிப்ரவரியில் அதன் செனட் மசோதா எண் எஸ். 394, மார்ச்சில் எஸ். 919, மே மாதத்தில் எஸ். 1582. முதல் காலாண்டு அறிக்கைகளில் 1582 இருக்க வாய்ப்பே இல்லை. மூன்று எண்களையும், மசோதாவின் பெயரையும், 'ஸ்டேபிள்காயின்' என்ற பொதுச் சொல்லையும் தனித்தனியாகத் தேடினால்தான் வலை நிரம்பும். இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. எச்.ஆர். 1 (பிரதிநிதிகள் சபை மசோதா எண்) என்பது 2017-இல் வரிக்குறைப்பு மசோதா, 2021-இல் தேர்தல் சீர்திருத்த மசோதா, 2025-இல் மீண்டும் வரி, செலவு மசோதா. ஒவ்வொரு புதிய காங்கிரசிலும் எண்கள் ஒன்றிலிருந்து தொடங்குவதால், ஆண்டைப் பூட்டாமல் எண்ணைத் தேடக் கூடாது.

எல்.டி.ஏ. தளம்

1995-இன் லாபி வெளிப்படுத்தல் சட்டமும், லாபியிஸ்ட் ஜாக் ஏப்ரமாஃப் சிக்கிய ஊழலுக்குப் பிறகு 2007-இல் வந்த திருத்தமும்தான் இதற்கு அடித்தளம். காலாண்டுக்கு ஒருமுறை எல்.டி.-2 என்ற படிவம். அதில் 12-ஆம் வரி லாபி நிறுவனத்தின் வருமானம், 13-ஆம் வரி சொந்தமாக லாபியிஸ்ட் வைத்திருக்கும் நிறுவனத்தின் செலவு. தொகை பத்தாயிரம் டாலர் கணக்கில் முழுமையாக்கப்பட்டிருக்கும்; 5,000-க்குக் கீழ் என்றால் ஒரு கட்டத்தில் டிக் மட்டும். 16-ஆம் வரியில்தான் சத்து இருக்கிறது: எந்த மசோதா, அதில் எந்தப் பிரிவு. கவனமாக நிரப்புகிறவர்கள் பிரிவு எண்ணையே எழுதுவார்கள். மற்றவர்கள் 'வரி தொடர்பான விஷயங்கள்' என்று முடித்துவிடுவார்கள். 17-ஆம் வரியில் செனட், பிரதிநிதிகள் சபை, அமைச்சகம் என்ற அளவுக்குத்தான் இருக்கும். எந்த உறுப்பினரைப் பார்த்தார்கள், ஆதரித்தா எதிர்த்தா பேசினார்கள் என்பது படிவத்தில் கேட்கப்படவே இல்லை. இந்தச் சட்டத்தின் ஆகப்பெரிய ஓட்டை இது. தளத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

18-ஆம் வரியைத் தவறவிடாதீர்கள். லாபியிஸ்டின் பெயருக்குப் பக்கத்தில், கடந்த 20 ஆண்டுகளில் அவர் அரசில் வகித்த பதவி இருக்க வேண்டும். 'இன்ன செனட்டரின் சட்டப்பிரிவு இயக்குநர்' என்று அங்கே இருந்தால், அந்தச் செனட்டர் எந்தக் குழுவில் இருக்கிறார் என்று பாருங்கள். முன்னாள் செனட்டர் 2 ஆண்டும், முன்னாள் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் 1 ஆண்டும் தங்கள் பழைய இடத்தில் லாபி செய்யக் கூடாது. ஆனால் 'ஆலோசகர்' என்ற பெயரில் உட்கார்ந்து வியூகம் சொல்லித்தரத் தடையில்லை. ஒரு வாடிக்கையாளருக்கான நேரத்தில் 20 சதவீதத்துக்குக் குறைவாக லாபி வேலை செய்தால் அவர் லாபியிஸ்டாகப் பதிய வேண்டியதே இல்லை. அதனால் இந்தத் தளத்தில் இல்லாதவர் லாபி செய்யவில்லை என்று நினைக்கக் கூடாது.

கூட்டும்போது இங்கேயும் இரட்டிப்பு வரும். பெரிய நிறுவனம் தன் அறிக்கையில் காட்டும் செலவில், வெளி லாபி நிறுவனங்களுக்குக் கொடுத்த கட்டணமும் அடங்கும். அந்த வெளி நிறுவனங்கள் அதையே தங்கள் வருமானமாகத் தனியே காட்டும். ஓப்பன்சீக்ரெட்ஸ் இதைக் கழித்துத்தான் மொத்தத்தைத் தருகிறது. மொத்தத் தொகை மட்டும் வேண்டுமென்றால் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். 14-ஆம் வரியில் கணக்கு முறை ஏ, பி, சி என்று இருக்கும். சி முறையில் மாநில அளவு லாபியும், மக்களைத் திரட்டும் செலவும் சேர்ந்துவிடும். ஏ முறை நிறுவனத்தையும் சி முறை நிறுவனத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது தவறு.

எல்.டி.-203 என்ற அரையாண்டுப் படிவத்தைப் பலர் திறந்தே பார்ப்பதில்லை. எஃப்.இ.சி.யில் வராத பணம் இதில் வரும். ஓர் உறுப்பினரின் பெயரில் நடக்கும் பாராட்டு விழா, அவரைக் கௌரவித்து ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்த தொகை ஆகியவை 'கௌரவச் செலவு' என்ற வகையில் இருக்கும். தேர்தல் நிதிச் சட்டத்துக்கு வெளியே நின்று ஒரு சட்டமியற்றுபவரைக் குளிர்விக்கும் வழிகளில், பொதுவெளியில் எழுத்தில் கிடைப்பது அநேகமாக இது ஒன்றுதான்.

இவை சொல்லாதவை

501(சி)(4) வகைச் சமூகநல அமைப்புகள் கொடையாளர் பெயரைப் பொதுவில் வெளியிட வேண்டியதில்லை. சூப்பர் பேக்கின் ஷெட்யூல் ஏ-யில் அப்படி ஓர் அமைப்பின் பெயர் வந்தால் தடம் அங்கேயே அறுந்துவிடும். அதன் வருமான வரிப் படிவம் 990-ஐ எடுத்து, ஷெட்யூல் ஐ-யில் யாருக்கு மானியம் கொடுத்தது, ஷெட்யூல் சி-யில் அரசியல் செலவு எவ்வளவு என்று பார்க்கலாம். நிதியாண்டு முடிந்து ஐந்தாவது மாதம் அதற்குக் கெடு. ஆறு மாத நீட்டிப்பும் கிடைக்கும். பெரும்பாலும் தேர்தல் முடிந்த பிறகுதான் கைக்கு வரும்.

பணம் வாக்கை வாங்கியதா என்ற கேள்விக்கு இந்தத் தளங்களில் விடை தேடாதீர்கள். ஏற்கெனவே ஒத்த கருத்துள்ளவருக்குத்தான் பெரும்பாலோர் கொடுக்கிறார்கள். இவற்றால் காட்டக்கூடியது அணுக்கம், அதாவது யாரால் உறுப்பினரை நெருங்க முடிகிறது என்பது. 2016-இல் வெளியான ஒரு களச்சோதனையில் 191 காங்கிரஸ் அலுவலகங்களிடம் ஓர் அமைப்பு சந்திப்பு கேட்டது. வருகிறவர்கள் தொகுதி மக்கள் என்று சில அலுவலகங்களுக்கும், தேர்தல் நன்கொடையாளர்கள் என்று மற்றவற்றுக்கும் சொல்லப்பட்டது. நன்கொடையாளர் என்று சொன்ன இடங்களில் மேல்மட்டத்தினர் மூன்று நான்கு மடங்கு அதிகமாகச் சந்திக்க முன்வந்தார்கள்.

இந்த அணுக்கத்தைத் தரவில் பார்க்க நல்ல வழி குழு மாற்றம். ஓர் உறுப்பினர் நிதிச்சேவைக் குழுவுக்கோ வரிக் குழுவுக்கோ புதிதாகப் போன ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய சுழற்சியிலும் பிந்தைய சுழற்சியிலும் வங்கி, காப்பீட்டு பேக்குகள் கொடுத்ததை எஃப்.இ.சி.யில் தனித்தனியே எடுத்து ஒப்பிடுங்கள். உறுப்பினரும் அவரே, தொகுதியும் அதுவே. மாறியது நாற்காலி மட்டும். தொகை மாறினால் காரணத்தை ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம்.

எஃப்.இ.சி. தரவில் உள்ள தனிநபர் பெயர், முகவரிகளை நிதி கேட்கவோ வியாபாரத்துக்கோ பயன்படுத்துவது சட்டவிரோதம். அதைக் கண்டுபிடிக்க, ஒவ்வோர் அறிக்கையிலும் பத்துப் போலிப் பெயர்கள் வரை கலக்கக் குழுக்களுக்கு அனுமதி உண்டு. எனவே அறிமுகமில்லாத ஒரு கொடையாளர் பெயரை மட்டும் வைத்துச் செய்தி கட்டாதீர்கள்.

தேடுவதற்கு ஏற்ற காலம் ஜனவரிக் கடைசி. 20-ஆம் தேதி எல்.டி.-2, 30-ஆம் தேதி எல்.டி.-203, 31-ஆம் தேதி எஃப்.இ.சி. ஆண்டிறுதி அறிக்கை. திருத்த அறிக்கைகள் பின்னால் வரும் என்பதால், பிப்ரவரி நடுவில் ஒருமுறை அதே தேடலை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.